நம்மைப் பாட்டு எழுதவைத்த இசை எது?

தத்தகாரம் எழுதியது:

பாட்டு எழுதுகிறவர்களிடம் "உங்களைப் பாதித்தவர் யார்?" என்று கேட்டால் கவிஞர்கள் பெயர்தான் வரும். கண்ணதாசன், பட்டுக்கோட்டை, வாலி என்று வரிசை நீளும். எனக்கும் அவர்கள் ஆசான்கள்தான். ஆனாலும் என்னைப் பேனா எடுக்க வைத்தது ஓசை. சொல் பிறகுதான் வந்தது. நான் பிழைப்புக்கு வேறு வேலை பார்க்கிறவன், யாரும் கேட்டு எழுதுவதில்லை. இருந்தும் விவரம் தெரிந்த நாள் முதல் பாட்டை விட்டு இருந்ததே இல்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

முதல் கடன் தாலாட்டுக்கு. ஆராரோ, ஆரிரரோ. அதற்கு அகராதியில் தேடும்படியான பொருள் எதுவும் கிடையாது. ஆ, ரா, ரோ என்று நெடிலாக அடுக்கிக்கொண்டே போகிறது. பொருள் புரியாத வயதில் காதில் விழுந்தது இந்த நெடில்கள்தான். ஒரு உயிரெழுத்தை எவ்வளவு நேரம் பிடித்தால் மனம் அடங்கும் என்பதைத் தமிழ்நாட்டுத் தாய்மார்கள் எந்த இலக்கணமும் படிக்காமல் தெரிந்து வைத்திருந்தார்கள்.

இரண்டாவது, திருப்புகழ். 15ஆம் நூற்றாண்டு அருணகிரிநாதர். பதிப்புகளில் பாட்டின் தலையில் சந்தக் குழிப்பு, அதாவது பாட்டின் ஓசை வாய்பாடு, போட்டிருப்பார்கள்: தத்தத்தன தத்தத் தனதன என்று. பாட்டைப் படிப்பதற்கு முன்னால் அந்த ஒரு வரியை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முருகன் இன்னும் வரவில்லை, வேல் வரவில்லை, மயிலும் வரவில்லை, ஆனால் நடை வந்துவிடும். அதைச் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பே ஆடும். பிறகு அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து கேட்டபோது அதே வேகம் இன்னும் எளிமையான சொல்லில் இருந்தது. அவர் 1891இல் மறைந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குள் ஒரு பாட்டு வடிவத்துக்கே தன் பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

மூன்றாவது, கேசட். அறுபது நிமிட கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். பாட்டுப் புத்தகம் கையில் இல்லாதபோது ஒரு வரி ஓடவிட்டு, நிறுத்தி, எழுதி, பின்னால் சுற்றி, மறுபடி கேட்டு எழுதுவேன். சொல் பிடிபடுகிற வரைக்கும் அதே இடம் திரும்பத் திரும்ப ஓடும். அப்படி ஓடும்போதுதான் பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்த எழுத்தை நீட்டுகிறார், எந்த எழுத்தை விழுங்குகிறார் என்பதெல்லாம் தெரிந்தது. எனக்குப் பாட்டெழுதச் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடம் அதுதான்.

இசையமைப்பாளர்களைச் சொல்லாமல் விட முடியாது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி 1965இல் பிரியும் வரை சேர்ந்து செய்த பாட்டுகளில், வரி முடிந்ததும் ஒரு சின்ன வாத்தியத் துணுக்கு வந்து அந்த வரிக்குப் பதில் சொல்லும். 1976இல் இளையராஜா வந்த பிறகு அடியில் போகும் பேஸ் கிடாரே இன்னொரு மெட்டாக நடக்க ஆரம்பித்தது. மேலே பாடுகிறவரை விட்டுவிட்டு அதை மட்டும் கேட்டுக்கொண்டே போகலாம். 1992இல் ரகுமான் வந்தபோது ஒலிகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியைக் கேட்கப் பழகினேன். இவர்கள் எல்லாரிடமும் நான் கற்றது ஒரே பாடம்: பாட்டில் சொல் இல்லாத இடமும் பேசும், பாடலாசிரியன் அதற்கு இடம் விட்டு எழுத வேண்டும்.

இப்போது என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பாட்டெழுத வருகிறவர் முதலில் தத்தகாரத்தில், அதாவது தன, தான என்ற பொருளில்லாத ஓசைகளில், எழுதிப் பழக வேண்டும். எங்கே நெடில் விழ வேண்டும் என்று காது முடிவு செய்துவிட்டால் பாதிப் பாட்டு முடிந்தது.

அகவல் எழுதியது:

அருமையான பதிவு. ஆனால் பாதியைத்தான் ஏற்க முடிகிறது, நண்பரே.

நான் மரபுக் கவிதை எழுதுகிறவன். எனக்குச் சொல்தான் முதல். விருத்தம் பாடுகிறவர்களைப் பாருங்கள். தாளமே கிடையாது. எழுதி முடித்த செய்யுளைக் கையில் வைத்துக்கொண்டு, பொருள் போகும் வழியில் ராகத்தைக் கொண்டுபோகிறார்கள். ஒரு சொல்லுக்கு அழுத்தம் வேண்டுமென்றால் அங்கே நிற்கிறார்கள், வேண்டாமென்றால் நகர்கிறார்கள். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் கதையில் அழவைப்பது எது? சிதம்பரம் போக விடமாட்டார்களா என்று கெஞ்சுகிற அந்த ஆள். மெட்டு அவனைத் தாங்கி நிற்கிறது, அவ்வளவுதான்.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை நீங்களே சொன்னீர்கள். 1959இல் இறக்கும்போது அவருக்கு வயது 29. மெட்டு தெரியாத ஒருவர் அவர் வரிகளைத் தாளில் படித்தாலும் அவை நிற்கின்றன. உழைக்கிறவன் வாயில் வரும் சொல் அது. ஓசைக்காக மட்டும் எழுதியிருந்தால் அப்படி நின்றிருக்குமா?

என் அச்சத்தையும் சொல்கிறேன். தத்தகாரத்துக்கு எழுதினால் அடைப்புச் சொல் வந்து உட்காரும். அங்கே, தானே, அல்லவா, அது, இது. மாத்திரை நிரம்பும், வரி வெறுமையாக இருக்கும். இப்போது காதில் விழும் பாட்டுகளில் பாதி இப்படித்தான் இருக்கிறது.

மிருதங்கச்சொல் எழுதியது:

ரெண்டு பேருமே நடுவுல ஒண்ண விட்டுட்டீங்க. தாளம்.

நான் பாட்டு எழுதறதில்ல, பாடறவங்களுக்கு வாசிக்கறேன். எங்களுக்கு நடை, அதாவது ஒரு தட்டுக்குள்ள வர்ற எண்ணிக்கை, அஞ்சு வகை. திஸ்ரம் மூணு, சதுஸ்ரம் நாலு, கண்டம் அஞ்சு, மிஸ்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒம்பது. புதுசா எழுதறவங்க கொண்டு வர்ற பாட்டுல முக்கால்வாசி நாலுலதான் இருக்கும். ஏன்னா கணினியில பீட் போட்டா முதல்ல வர்றது அதுதான். ஆனா தமிழ்ச் சொல் அப்படியே நாலுல விழறதில்ல. "பாடு பாடு"ன்னு சொல்லிப் பாருங்க. பா ரெண்டு, டு ஒண்ணு. மூணு மூணா விழுது, தகிட தகிட. அதக் கொண்டுபோய் நாலுல வெச்சா டு-வ இழுக்கணும், இல்லன்னா பாவ இன்னும் நீட்டணும். இழுத்தா சொல் கெடும், நீட்டினா நடை தளரும். சிந்துப் பாட்டெல்லாம் பெரும்பாலும் திஸ்ரத்துல துள்ளறதுக்குக் காரணம் அந்தச் சொல்லுக்குள்ளயே மூணு இருக்கறதுதான்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு, மெய்க்கு அரை. நம்ம பசங்க இத இலக்கண வகுப்புல மார்க்குக்குப் படிச்சுட்டு மறந்துடறாங்க. கையில தட்டிக்கிட்டே படிச்சா இதுவே தாளப் பாடம். எழுதறவங்க யாரா இருந்தாலும் எழுதின வரிய ஒரு தடவ கைதட்டிச் சொல்லிப் பாருங்க. எங்க இடிக்குதுன்னு கையே சொல்லிடும்.

வானொலிப்பித்து எழுதியது:

நான் எழுதுறவனும் இல்லை, வாசிக்கிறவனும் இல்லை. கேக்கிறவன். எண்டாலும் இந்த இழையில என்ர பங்குக்கும் சொல்ல ஒரு கதை இருக்கு.

தத்தகாரம் அண்ணை கேசட்டைச் சொன்னார். அதுக்கு முந்தி எங்கட காது வளந்தது வானொலியில. இந்தியாவில 1952இல கேஸ்கர் தகவல் அமைச்சரா வந்த பிறகு அகில இந்திய வானொலியில சினிமாப் பாட்டு அநேகமா இல்லாமலே போச்சு. சாஸ்திரிய இசையை வளக்கவேணும் எண்டது அவற்ற எண்ணம். பாட்டுக் கேக்க ஆசைப்பட்ட சனம் கடல் தாண்டி இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினது. 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவித் பாரதி எண்ட சினிமாப் பாட்டு ஒலிபரப்பு தொடங்கினதே அந்தச் சனத்தைத் திருப்பி எடுக்கத்தான். எண்டாலும் தமிழ்ப் பாட்டுக்கு தெற்குத் தமிழ்நாடு முழுக்க இலங்கை வானொலியத்தான் கேட்டுக்கொண்டிருந்தது எண்டு அங்க இருந்தவை இப்பவும் சொல்லுவினம்.

வானொலியில கேக்கிறது எண்டா என்ன தெரியுமோ? பாட்டை நீங்க தெரிவு செய்யேலாது. அடுத்து என்ன வரும் எண்டு தெரியாது. பிடிச்ச பாட்டு வந்தால் அது முடியும் வரைக்கும் வேறொண்டும் செய்ய மாட்டம், ஏனெண்டால் திரும்ப எப்ப வரும் எண்டு யாருக்கும் தெரியாது. அறிவிப்பாளர் பாடினவர், எழுதினவர், இசையமைச்சவர் பேரைச் சொல்லுவார். எழுதினவற்ற பேர் முதன்முதல் என்ர காதில விழுந்தது அங்கதான். அதுக்குப் பிறகுதான் ஒரு பாட்டைக் கேக்கேக்க "இதை ஒராள் யோசிச்சு எழுதியிருக்கிறார்" எண்ட நினைப்பு வந்தது.

இன்னொண்டு. 1970களில எங்கட இலங்கைப் பக்கம் தமிழ்ப் பொப்பிசை (பாப் இசை) எண்டு ஒரு அலை அடிச்சது. ஒரு கிற்றார், பைலா எண்ட எங்கட ஆட்டப் பாட்டின்ர ஆறு தட்டுத் தாளம், வாயில வாற பேச்சுத் தமிழ். பெரிய ஓகெஸ்ட்ரா ஒண்டும் இல்லை. சினிமாவுக்கு வெளியால, தாங்களே எழுதித் தாங்களே பாடின ஆக்கள் அவை. தொழில்முறை இல்லாமல் பாட்டெழுதுற ஆக்கள் இங்க கனபேர் இருக்கிறீங்கள். உங்களுக்கு முன்னோடி அவைதான் எண்டு நான் நினைக்கிறன். அவையைப் பற்றிக் கதைக்காமல் இந்த விவாதம் முழுமையாகாது.

கம்பிச்சுரம் எழுதியது:

வணக்கம். நான் கிடார் வாசிப்பேன், பாட்டும் எழுத முயற்சி செய்கிறேன். எல்லார் பதிவையும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி.

நான் முனகிப் பதிவு செய்கிற மெட்டு எல்லாமே ஏற்கெனவே கேட்ட மாதிரி இருக்கிறது. ஒரு மெட்டு பிடித்தவுடன் உள்ளுக்குள் ஒரு குரல் "இது இன்னாருடையது" என்கிறது. உடனே அழித்துவிடுகிறேன். நிறையக் கேட்டு வளர்ந்ததே தடையாகிவிடுகிறதோ என்று தோன்றுகிறது. பெரியவர்கள் எப்படி இதைத் தாண்டினீர்கள்?

சுருதிப்பெட்டி எழுதியது:

தம்பி, அழிக்காதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன், இந்தக் கேள்வி வகுப்பிலும் வரும்.

பாரதியாரை எடுத்துக்கொள். பாட்டுக்குத் தலைப்பில் ராகம், தாளம் எழுதி வைக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. கொடியைப் புகழ்ந்து அவர் எழுதிய பாட்டின் தலையில் "தாயுமானவர் ஆனந்தக் களிப்பு வர்ணமெட்டு" என்று போட்டிருக்கிறார். அதாவது, பழைய பாட்டு ஒன்றின் மெட்டை எடுத்துக்கொண்டேன் என்று வெளிப்படையாகவே சொல்கிறார். அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று இருக்கும். ஒரு மெட்டுக்குள் பல பேர் வந்து போனார்கள். யாரும் வெட்கப்படவில்லை. பாரதி சித்தர் வாக்கையும் காவடிச் சிந்தையும் நொண்டிச் சிந்தையும் எடுத்துக்கொண்டு, யாரும் அதுவரை சொல்லாததை அதில் சொன்னார். அதே பாரதிதான் சங்கீதத்தைப் பற்றி எழுதும்போது, எங்கே போனாலும் பொருள் தெரியாமல் அதே சில கீர்த்தனைகளையே பாடுகிறார்களே என்று வருந்தியவர். ஆக, பழைய மெட்டை எடுப்பதில் அவருக்குத் தடை இல்லை, அதில் உயிர் இல்லாமல் இருப்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

இன்று வெளியிடுகிற பாட்டுக்கு உரிமைச் சட்டம் இருக்கிறது, அது வேறு. பயிற்சிக்கு அந்தத் தடை கிடையாது. நீ செய்ய வேண்டியது இது: மனதில் ஒட்டிக்கொண்ட பாட்டின் சுரத்தை மறந்துவிட்டு அதன் தத்தகாரத்தை மட்டும் எழுதிக்கொள். பிறகு வேறு ராகத்தில் அதே தத்தகாரத்தைப் பாடு. மோகனத்தில் கேட்டதை சுத்த தன்யாசியில் பாடிப் பார். அதற்குமேல் அது உன்னுடையதாக மாறத் தொடங்கும்.

மோகனம் என்றதும் நினைவு வருகிறது. ச ரி க ப த, ஐந்தே சுரம். பழந்தமிழ் முல்லைப்பண் அதுதான் என்கிறார்கள் பண் ஆராய்ச்சியாளர்கள். கிடார் பிள்ளைகள் மேஜர் பென்டடானிக் என்பார்கள். உலகத்தில் எத்தனையோ நாட்டார் பாட்டுகள் இந்த ஐந்து சுரத்தில்தான் இருக்கின்றன. எல்லாருக்கும் சொந்தமான ஐந்து சுரத்தில் இன்னாருடையது என்று எதைச் சொல்வது? காந்தாரத்தில் (க) நிற்கும் விதம், தைவதத்தை (த) அசைக்கும் விதம், அங்கேதான் ஆள் தெரிகிறார். ஆர்மோனியத்தில் அந்த அசைவு வராது என்பதால்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை உள்ளேயே விடவில்லை. அது அதிகப்படி என்பது என் எண்ணம், எத்தனையோ நாடகப் பாடகர்களை வளர்த்தது அந்தப் பெட்டி. ஆனால் அவர்கள் காப்பாற்ற நினைத்தது கமகத்தை, அந்தச் சுர அசைவை. அது காப்பாற்ற வேண்டியதுதான்.

தத்தகாரம் அவர்களுக்கு ஒன்று. நெடிலை வைப்பதோடு முடிவதில்லை, எந்த நெடில் என்பது பாடுகிறவருக்கு முக்கியம். மேல் ஸ்தாயியில் ஈ, ஊ கொடுத்தால் தொண்டை இறுகும். ஆ கொடுத்தால் தாடை திறக்கும். ஏ, ஓ நடுவாந்திரம். பெண் குரலுக்கு மேல் ஷட்ஜத்தில் (ச) "நீ" என்று எழுதிக் கொடுத்துவிட்டு நன்றாகப் பாடவில்லை என்று குறை சொல்லும் கவிஞர்களைப் பார்த்திருக்கிறேன்.

தத்தகாரம் எழுதியது:

சுருதிப்பெட்டி அக்கா, எந்த நெடில் என்ற விஷயத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவைக்கப் போகிறேன்.

வானொலிப்பித்து அண்ணை, பொப்பிசை பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி. தன் பாட்டைத் தானே எழுதித் தானே பாடுவது நம்மிடம் சினிமா வந்த பிறகு அரிதாகிவிட்டது. அதற்கு முன் இசைப்புலவர் பலரும் அப்படித்தான் இருந்தார்கள். பாபநாசம் சிவன்கூட சொல்லும் மெட்டும் இரண்டும் தனதாகவே செய்தார். அகவல் ஐயாவும் நானும் மெட்டா சொல்லா என்று பிரிந்து நிற்பதே இரண்டையும் இரண்டு பேர் செய்கிற காலத்தில் வந்த பிரிவு. நாமோ யாருக்காகவும் எழுதவில்லை. அந்தப் பிரிவை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

பேச்சாகவே போகிறது. நான் எழுதிக்கொண்டிருப்பதை இங்கே வைக்கிறேன், எல்லாரும் பார்த்துச் சொல்லுங்கள். மோகனம், மிஸ்ர நடை. தகிட தகதிமி. தத்தகாரம் இது:

தான தானன தான தானன
தான தானன தானனா

தா-வுக்கு இரண்டு, ன-வுக்கு ஒன்று. தான மூன்று, தானன நான்கு. இரண்டாம் வரியின் கடைசி னா மட்டும் நான்கு மாத்திரை நிற்கும். தா வரும் இடத்தில் ஒற்றோடு வந்த குறிலும் வரலாம், "வந்" மாதிரி.

காற்று வந்தது கேட்டு நின்றது
யாரு பாடிய பாட்டது
தூங்கி டாதொரு சொல்லெ ழுந்தது
வாச லேறிய வானது

மிருதங்கச்சொல் எழுதியது:

தட்டிப் பாத்தேன். முதல் வரியும் மூணாம் வரியும் கல்லு மாதிரி உக்காருது. "சொல்லெழுந்தது" பிரிஞ்சு விழற இடம் ரொம்ப அழகு. சொல்லெ மூணு, ழுந்தது நாலு.

ரெண்டும் நாலும் பாருங்க. முடிவுல நாலு மாத்திரை நிக்கணும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அங்க "து" இருக்கு. குற்றியலுகரம், குறுகி ஒலிக்கிற உகரம். அத நாலு மாத்திரை யாராலயும் பிடிக்க முடியாது. பாடறவங்க "பாட்டதூ"ன்னு இழுத்துடுவாங்க.

அகவல் எழுதியது:

நான் அஞ்சியது இதைத்தான். "பாட்டது", "வானது" இரண்டிலும் அந்த அது எதற்கு? மாத்திரை நிரப்ப வந்திருக்கிறது. வான் வந்து வாசலில் ஏறியது என்பது நல்ல கற்பனை, அந்த ஒரு சொல் அதைத் தளர்த்திவிட்டது.

"யாரு" பற்றியும் யோசியுங்கள். எழுத்து வழக்கில் யார்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் முதல் வரியில் காற்று வருகிறது, கேட்கிறது, நிற்கிறது. மூன்று வினையும் ஏழு ஏழு மாத்திரைக்குள். இதை நான் வெண்பாவில் எழுதியிருந்தால் இன்னும் இரண்டு அடை போட்டிருப்பேன். தொல்காப்பியர் செய்யுளியலில் வண்ணம் இருபது என்கிறார். வல்லெழுத்து மிகுவது வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுவது மெல்லிசை வண்ணம், நெட்டெழுத்து பயில்வது நெடுஞ்சீர் வண்ணம் என்று போகும். செய்யுளின் ஓசையைப் பொருளிலிருந்து பிரித்துத் தனியாகப் பெயரிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவ்வளவு பழைய நூலே நினைத்திருக்கிறது. அந்த வகையில் உங்கள் தத்தகாரக் கட்சிக்கு என் பக்கத்திலிருந்தே ஒரு சாட்சி கொடுக்கிறேன்.

தத்தகாரம் எழுதியது:

இரண்டு பேரும் ஒரே இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு வியப்பு. ஒருவர் தாளத்தின் வழியாகவும் ஒருவர் சொல்லின் வழியாகவும் வந்து அதே "து"வில் நிற்கிறீர்கள். நேற்று இரவு முழுக்க அந்த இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டிருந்தேன்.

ஏ போட்டால் "பாடலே, வானமே" என்று வருகிறது. அது விளி. யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. ஆ போட்டால் "பாடலா, வானமா" என்று விசாரணை மாதிரி ஆகிறது. ஓ போட்டேன்:

காற்று வந்தது கேட்டு நின்றது
யாரு பாடிய பாடலோ
தூங்கி டாதொரு சொல்லெ ழுந்தது
வாச லேறிய வானமோ

கேள்வியும் இருக்கிறது, பதில் வேண்டாம் என்ற நிறைவும் இருக்கிறது. பஞ்சமத்தில் (ப) நிற்கும்போது ஓ வட்டமாக விரிகிறது. முதலில் எழுதியபோது அந்த வரி ஒரு செய்தி, யாரோ பாடினார்கள், வான் ஏறியது, அவ்வளவுதான். நான்கு மாத்திரை நீட்டம் ஒரு நெடிலைக் கேட்டது, நெடிலைத் தேடப் போன இடத்தில் வியப்பு கிடைத்தது. இந்தப் பாட்டின் உணர்வை எனக்குக் கொடுத்தது அந்த நீட்டம்தான். ஐயா, அடைப்புச் சொல்லும் அதனாலேயே போய்விட்டது, கவனித்தீர்களா? ஓசை சரியாக இல்லாத இடத்தில்தான் வெறுஞ்சொல் வந்து உட்காருகிறது என்று நினைக்கிறேன்.

"யாரு" இருக்கட்டும் ஐயா. நாட்டார் பாட்டின் வாய் அது. யார் என்று அடைத்தால் அடுத்த "பாடிய"வுக்குப் போக ஒரு தடங்கல் வருகிறது.

அகவல் எழுதியது:

வைத்துக்கொள்ளுங்கள். பாடிப் பார்த்தேன், "யாரு"தான் சரி. "வாசல் ஏறிய வானமோ" வாசகமாகவும் நிற்கிறது. என் பாதி இப்போது முக்கால் ஆகியிருக்கிறது.

கம்பிச்சுரம் எழுதியது:

கிடாரில் வைத்துப் பார்த்தேன். சியில் மோகனம் என்றால் சி, டி, இ, ஜி, ஏ. இந்த ஐந்து சுரத்துக்குள் முழுசாக அடங்குகிற சாதாரண மேஜர், மைனர் கார்டு சி மேஜர், ஏ மைனர் இரண்டுதான். எஃப் போட்டால் மத்தியமம் (ம) வந்துவிடுகிறது, ஜி மேஜர் போட்டால் நிஷாதம் (நி) வந்துவிடுகிறது. "பாடலோ"வுக்கு சி, "வானமோ"வுக்கு ஏ மைனர் வைத்தேன். நன்றாக இருக்கிறது. ஆனால் நடுவில் எங்காவது எஃப் வைக்கலாமா? ராகம் கெட்டுவிடுமா அக்கா?

ஏழு தட்டு எனக்குப் புதிது. ஒன் டூ த்ரீ, ஒன் டூ த்ரீ ஃபோர் என்று எண்ணிக்கொண்டுதான் ஸ்ட்ரம் செய்கிறேன். என் பழைய மெட்டு ஒன்றையும் இந்த நடைக்கு மாற்றிப் பார்த்தேன். அந்த உள்குரல் பேசவே இல்லை.

சுருதிப்பெட்டி எழுதியது:

கச்சேரிக்காரர்கள் கெடும் என்பார்கள். மெல்லிசையில் பாடுகிறவர் மத்தியமத்தைத் தொடாமல் இருந்தால், பின்னால் எஃப் வருவது வேறு வெளிச்சம் கொடுக்கும். சரணத்தில் ஒரே ஒரு இடத்தில் வைத்துப் பார். எல்லா வரியிலும் வைத்தால் காதுக்கு மோகனம் மறந்துவிடும்.

தத்தகாரம், சரணம் எங்கே?

தத்தகாரம் எழுதியது:

இதோ. கம்பிச்சுரம் தம்பியின் கேள்வியும் அக்கா சொன்ன வர்ணமெட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தபோது வந்தது. தாலாட்டும் தெம்மாங்கும் கட்டியவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது, பாட்டு மட்டும் இருக்கிறது. அவர்களுக்கு என் வணக்கமாக இதை வைத்துக்கொள்ளலாம்.

கூடு கட்டிய பாட்டி னோசையை
கூவி விற்றிட ஆகுமா
பாடி வைத்தது பாடி நிற்குது
பேரு மிங்கொரு பாரமா

"ஓசையை" என்பதில் சை, யை இரண்டின் ஐகாரத்தையும் ஒவ்வொரு மாத்திரையாகக் குறுக்கிப் பாடியிருக்கிறேன். எஃப் வைப்பதானால் "ஆகுமா"வில் வைக்கலாம் என்று தோன்றுகிறது.

வானொலிப்பித்து எழுதியது:

"பேரு மிங்கொரு பாரமா" எண்ட இடத்தில நிண்டுட்டன் அண்ணை. நான் வானொலியில பேர் கேட்டு வளந்தவன், பேர் சொல்லவேணும் எண்டு நினைக்கிறவன். ஆனா எங்கட அம்மம்மா பாடின ஒப்பாரிக்கு ஆர் பேரைச் சொல்லுறது? இதை ஒருக்கா ஆராவது பாடிப் போடுங்கோ.

மிருதங்கச்சொல் எழுதியது:

சரணம் கச்சிதம். "நிற்குது" நல்லா அடிக்குது, அங்க ஒரு சின்ன தீர்மானம், அதாவது முடிப்புச் சொற்கட்டு, வைக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும். "பாரமா" ஆகாரத்துல நின்னு உடனே "காற்று" எடுக்கறது பாடறவங்களுக்கு மூச்சு முட்டும். பல்லவிக்குத் திரும்பறதுக்கு முன்னால ஒரு வரி, பதினாலு மாத்திரை, வாத்தியத்துக்கு விட்டுடுங்க. தம்பி கிடார்ல அந்த இடத்த நிரப்பட்டும். அக்கா பாடினா நான் ஞாயித்துக்கிழமை வாசிச்சு அனுப்பறேன். சுருதி என்னன்னு மட்டும் சொல்லிடுங்க.